கவிழ்த்து வைத்த படகின் பசை

எதைத் திறப்பதானாலும் பரீனா முதலில் முகத்தை இடது தோள்பக்கம் திருப்பிக்கொள்வாள். உதடுகளைக் கொஞ்சம் குவித்து, நெஞ்சிலிருக்கிற மூச்சு முழுவதையும் தோளுக்கு அப்பால் ஊதிவிடுவாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, புதிதாக மூச்சு இழுக்காமலே மூடியைத் தூக்குவாள். வேண்டியதை எடுத்து மூடியைத் திரும்பப் போட்ட பிறகுதான் நெஞ்சு அசையும். சோற்றுப் பானைக்கும் இதுதான், சீனிப் போத்தலுக்கும் இதுதான். பெருநாளுக்கு வந்த துணிப் பொட்டலத்தைக்கூட அவள் இப்படித்தான் பிரித்தாள்.

தம்பி வஸீரின் மனைவி இதை வெகு நாளாகக் கவனித்து வந்தாள். கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பரீனாவின் முன்னால் வந்து நின்றாள்.

"மதினி, இவனுக்கும் கொஞ்சம் ஓதி ஊதி விடுங்களன்."

"நான் என்னத்த ஓதுறது?"

"மறைக்காதீங்க. எதத் தொட்டாலும் ஊதிட்டுத்தானே தொடுறீங்க. ஆனா ஒரு சந்தேகம். ஓதுறவங்க பொருளுக்கு மேலதானே ஊதுவாங்க, நீங்க ஏன் அங்கால திரும்பி ஊதுறீங்க?"

பரீனாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "ஓதுறதில்ல புள்ள. என்ட மெஷினுக்கு என்ட மூச்சு புடிக்காது. அங்க பழகினது வீட்டுக்கும் வந்திட்டு."

உண்மையும் அதுதான். பரீனாவின் தொழில், புரதங்களின் வடிவத்தை ஒளியால் படிப்பது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. உயர்தரப் பாடப்புத்தகத்தில் செந்நிறக் கீழ்க் கதிர் என்று போட்டிருக்கும். ஒரு பொருளின் மேல் அந்த ஒளியை விட்டால், பொருளிலுள்ள பிணைப்புகள் தங்களுக்கு ஒத்துவருகிற பங்கை விழுங்கிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். எதை எவ்வளவு விழுங்கியது என்று கருவி ஒரு கோடாக வரைந்து காட்டும். அதுதான் நிறமாலை. புரதம் சுருளாகச் சுற்றியிருந்தால் கோட்டின் உச்சி ஓரிடத்தில் நிற்கும். இடுப்பில் கட்டும் சாரத்தைக் கொய்து மடித்ததுபோலத் தகடு தகடாக மடிந்திருந்தால் உச்சி சற்றுத் தள்ளி நிற்கும். அந்தச் சிறு விலகலை வாசிக்கத் தெரிந்தவருக்கு, கண்ணால் என்றைக்கும் காணக் கிடைக்காத ஒன்றின் உருவம் பிடிபட்டுவிடும். இதில் பெரிய தொல்லை தண்ணீர். புரதம் பேசுகிற அதே இடத்தில் தண்ணீரும் பேசும், அதைவிட உரக்கப் பேசும். கருவியின் பெட்டிக்குள் ஒரு ஆளின் மூச்சுப் போனால் போதும். அதிலுள்ள ஈரம் நல்ல கோட்டைச் சீப்புப் பல்லாக்கிவிடும்.

ஜப்பானுக்கு ஆராய்ச்சிக்குப் போன புதிதில், தான் எடுத்த முதல் கோட்டைப் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினாள் பரீனா. பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்துவிட்டு, "இதில் புரதம் குறைவு, உன் மூச்சுத்தான் அதிகம்" என்றார். அன்றைக்குத் திரும்பிய முகம், பிறகு எதைத் திறந்தாலும் திரும்பத்தான் செய்தது.

பரீனா பிறந்தது வடக்கில், முசலிக் கரையில். வாப்பா சாஹுல் ஹமீடுக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு நடுவில் சண்டை திரும்பவும் மூண்டு, கடலுக்குப் போகக்கூடாது என்று ஆனபோது, அந்தப் படகு உப்புத் தண்ணீரில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்களுக்கு நடுவே வாய்க்காலில் மாதக்கணக்காகக் கட்டிக் கிடந்தது. ஓடாத படகில் சிப்பி பிடிக்கும். ஊரார் எதையும் பிரித்துப் பார்க்காமல் சிப்பி என்றுதான் சொல்வார்கள். புத்தகத்தில் அதற்குக் கொட்டலசு என்று பெயர். சுண்ணாம்பில் செய்த சின்னஞ்சிறு எரிமலைபோல் இருக்கும். ஒரு தடவை உட்கார்ந்த இடத்தைச் சாகும்வரை விடாது. செத்த பிறகும் விடாது. பன்னிரண்டு வயதுப் பரீனா இடுப்பளவு தண்ணீரில் நின்று, மொட்டைக் கத்தியால் அதைச் சுரண்டிப் பார்த்தாள். கத்தி வளைந்தது, விரல் கிழிந்தது, சிப்பி இருந்த இடத்தில் இருந்தது.

அந்த ஒக்டோபர் முடிவில், முஸ்லிம்கள் எல்லாரும் வடக்கை விட்டுப் போகவேண்டும் என்று ஆயுதம் ஏந்திய இயக்கம் கட்டளை போட்டது. கையில் அகப்பட்டதோடு போனார்கள். புத்தளத்துப் பக்கம் முகாமில் ஒரு கிடுகுக் குடிசை. அந்தக் குடிசையிலிருந்துதான் பரீனா உயர்தரம் படித்தாள், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள், இரசாயனவியலில் முதலாவதாக வந்தாள், புலமைப்பரிசில் எடுத்தாள். நடுவில் அழுத கதைகள் இருக்கலாம், அவள் சொல்லமாட்டாள். "படிச்சேன். படிச்சா வரும்தானே" என்பாள், அவ்வளவுதான்.

ஜப்பானில் பேராசிரியர் அவளுக்கு மூன்று புரதங்களைக் காட்டி, எதையாவது தேர்ந்தெடுத்துக்கொள் என்றார். பட்டு, பால், முட்டை வெள்ளைக்கரு. பரீனா மூன்றையும் பார்த்துவிட்டு, படகின் அடியில் ஒட்டுகிற கொட்டலசின் பசையை எடுக்கலாமா என்று கேட்டாள். அந்தப் பசையும் புரதம்தான். உப்புத் தண்ணீருக்குள்ளேயே இறுகும். இறுகிய பிறகு எதிலும் கரையாது. கரையாத ஒன்றைக் கருவிக்குள் எப்படி வைப்பாய் என்று பேராசிரியர் திருப்பிக் கேட்டார். வைத்துக் காட்டுகிறேன் என்றாள்.

தொலைபேசியில் வாப்பாவுக்கு விஷயத்தைச் சொன்னாள்.

"படகடியில ஒட்டுற சனியனப் படிக்கிறதுக்கா மகள் அவ்வளவு தூரம் போனீங்க? நான் இங்கயே சொல்லித் தந்திருப்பேனே."

"நீங்க சுரண்டத்தானே வாப்பா சொல்லித் தந்தீங்க. அது எப்படி ஒட்டுதெண்டு சொல்லித் தரல்லையே."

"அது தெரிஞ்சா நான் ஏன் சுரண்டுறேன்?"

ஐந்து வருடம் அந்தப் பசையோடு மல்லுக்கட்டினாள். பசையை நொறுக்கி, குளிரில் உறையவைத்து ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் பெட்டியில் உலர்த்தி, அரிசிக் குறுணியிலும் சின்னதான ஒரு துகளைக் கருவியின் வைரத் துண்டின்மேல் அழுத்தி வைத்தாள். கோடு வந்தது. உச்சி, மடிப்புத் தகட்டுக்குரிய இடத்தில் வந்து நின்றது. பட்டு நூலில் இருப்பது போன்ற மடிப்பு, ஒரு பசையில். பிராணி தன் புரதத்தைத் தானே கொய்து கொய்து மடித்து, அந்த மடிப்பின் பலத்தில் கல்லைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் பரீனாவின் முடிவு. அதை எழுதித்தான் கலாநிதிப் பட்டம் வாங்கினாள்.

சண்டை முடிந்த மறு வருடம் நாட்டுக்குத் திரும்பி, கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் சேர்ந்தாள். வஸீர் அதற்குள் முசலிக்குப் போய், பற்றை வெட்டித் தகரக் கொட்டில் போட்டிருந்தான். வாப்பாவும் பின்னால் அவனோடு போய் இருந்துகொண்டார். ஆய்வுகூடத்தில் பரீனாவோடு வேலை செய்தவள் முருங்கனைச் சேர்ந்த பிரேமினி, வயதில் இளையவள், வாயில் மூத்தவள். இரண்டு பேருமாகச் சேர்ந்து இன்னும் பல அளவீடுகளைச் செய்து, முழுக் கட்டுரையாக எழுதி, பெரிய சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினார்கள்.

பதில் வந்தது. கட்டுரையைப் படித்துப் பார்த்த பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். ஆனால் அது அடிமரத்தில் விழுந்த கோடரி. உலர்த்தும் பெட்டிக்குள் போட்டால் எந்தப் புரதமும் தாறுமாறாக மடியும். நீ கண்டது பிராணி செய்த மடிப்பா, உன் பெட்டி செய்த மடிப்பா? இதற்கு மறுமொழி இல்லாவிட்டால் கட்டுரை இல்லை. கட்டுரை மட்டுமா? அவள் பட்டம் வாங்கிய முடிவே, ஒரு பெட்டி செய்த வேலையை மாணவி ஒருத்தி கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட்டாள் என்பதாகப் போய்விடும்.

"ஆரக்கா எழுதினது?" என்று கேட்டாள் பிரேமினி.

"பேர் இல்ல."

"பேர் சொல்லாமல் கல்லெறியிற ஆக்கள் எங்கட ஊரிலயும் இருக்கினம்."

"கல்லெறியல்ல புள்ள. நல்ல கேள்வி. நானா இருந்தாலும் இதத்தான் கேட்டிருப்பேன்." பரீனா கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டினாள். "ஈரப் பசைய வெச்சா தண்ணியிட கோடு மூடிக்கொள்ளுது. தண்ணிக்குப் பதிலாக் கோட்ட மறைக்காத கனநீர்ல ஊறவெச்சுப் பாத்தம், கல்லாப் போன பசைக்குள்ள அது போகமாட்டேங்குது. காயவெச்சா, காயவெச்சதுதான் குற்றமாம். ஆனா இது சிப்பி செஞ்ச மடிப்புத்தான். எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும் எண்டு எழுதி அனுப்புவமே?"

"அனுப்பு. சிரிச்சுப்போட்டுத் திருப்பி அனுப்புவாங்க."

பிரேமினி யோசித்தாள். "அப்ப ஒருத்தரும் காயவைக்காமல் தானாக் காய்ஞ்ச பசை வேணும். ஆறுதலா, மெல்ல மெல்ல, கன வருசமா. அதுவும் எப்ப காயத் தொடங்கினதெண்டு தெரியவும் வேணும். அதுக்கு எங்க போறது? எந்தத் துறையிலயும் படகை ஏத்தின உடன சுரண்டிப் போடுவினம். சுரண்டாமல் இருபது வருசம் ஆர் விட்டு வைப்பினம்?"

"ஆக்கள் இல்லாத ஊர்ல விட்டு வைப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே பரீனா எழுந்து நின்றாள். கை அதற்குள் தொலைபேசியைத் தேடிக்கொண்டிருந்தது.

"வஸீர், வாப்பாட படகு கிடக்கா?"

"கிடக்கு ராத்தா. கண்டலுக்குள்ள கவுந்தாப்பல கிடக்கு. ஏன்?"

"அதப் பாக்கத்தான் வாறன். அதுல எனக்குப் பெரிய வேல இரிக்கி."

"படகப் பாக்கவா? நீங்களா?" வஸீரின் குரலில் சந்தோஷம் பொங்கியது.

"வாப்பாட்டக் குடு." வாப்பா வந்ததும் கேட்டாள். "வாப்பா, படக எந்த நாள் கரைக்கு இழுத்தீங்க?"

"ஊர விட்ட அண்டைக்கு. சுபஹ் தொழுதிட்டு நேரப் போய், நானே இழுத்துக் கவுத்துப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

"தனியாவா?"

"ஏன், உங்கட வாப்பாக்கு அப்ப பெலன் இல்லையா?"

பரீனா திகதியை எழுதிக்கொண்டாள். உலகத்தில் எத்தனையோ கரைகளில் எத்தனையோ படகுகள் கிடந்து காயலாம். எந்த நாளில் தண்ணீரை விட்டு ஏறியது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய, ஏறியதிலிருந்து மனிதக் கை படாத படகு அவளுக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

வேலை என்ன என்பதை மட்டும் அவள் வஸீருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்த வருடம் ஊருக்குத் திரும்பியவர்கள் எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கிணறு இறைத்தார்கள், பற்றை வெட்டினார்கள், பாசி பிடித்த சுவரைத் தேய்த்தார்கள், பள்ளிவாசலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். விட்டுப்போன பொருளைத் துலக்கி வைப்பதுதான் வந்துவிட்டோம் என்று சொல்லும் முறையாக இருந்தது. ஜப்பானில் படித்த ராத்தா, வீட்டையோ காணியையோ கேட்காமல் வாப்பாவின் படகைத்தான் பார்க்க வருகிறாள். வஸீருக்கு வேறு என்ன தோன்றும்?

பரீனா புறப்பட்டபோது, "நானும் வாறன் அக்கா, திரும்பேக்க முருங்கனில இறங்கி அம்மாவையும் பாத்ததாப் போகும்" என்று பிரேமினியும் ஏறிவிட்டாள். இருவரும் பஸ் மாறி மாறி வந்து இறங்கியபோது, வஸீர் ஒழுங்கை முகப்பிலேயே நின்றான். தேத்தண்ணி குடிக்கக்கூட விடவில்லை. நேரே வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போனான். அங்கே, சுத்தமாக வெட்டி வெளியாக்கிய இடத்தில், தறப்பாள் ஒன்றால் எதையோ மூடியிருந்தது. வாப்பா பக்கத்தில் ஒரு மரக் குற்றியில் உட்கார்ந்திருந்தார்.

வஸீர் தறப்பாளை இழுத்தான்.

படகு நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. வானத்தை விட நீலம். முகப்பில், சிவப்புப் பூச்சில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில் பெயர்: டொக்டர் பரீனா.

பரீனா முகத்தை இடது தோள்பக்கம் திருப்பினாள். மூச்சு முழுவதையும் விட்டாள். ஆனால் திறப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"எப்படி ராத்தா?"

பிரேமினிதான் கேட்டாள். "தம்பி, இதில ஒட்டியிருந்த சிப்பியெல்லாம் எங்க?"

"எல்லாம் சுரண்டிட்டேன். கையப் பாருங்க, தோல் வழண்டு போய்க் கிடக்கு."

"சுரண்டினதை என்ன செய்தனீங்கள்?"

"கடல்ல கொட்டினேன். குப்பைய வெச்சுக்கொண்டு என்ன செய்ய?"

பரீனா அப்படியே மணலில் உட்கார்ந்தாள். வஸீர் அவளையும் படகையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயத்தைப் பிரேமினி அவனுக்கு மெதுவாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் சுருங்கியது.

"அதச் சொல்லியிருக்கலாமே ராத்தா. நான் உங்கட பேர் எழுதத்தானே..."

"உன்னில பிழையில்ல. நான்தான் சொல்லல்ல" என்றாள் பரீனா.

வாப்பாவுக்கு மட்டும் யாரையாவது ஏசியே ஆகவேண்டும் போலிருந்தது. எழுந்து போய்ப் படகின் வயிற்றில் கையை ஓட்டினார். "ஒரு வேலைய ஒழுங்காச் செஞ்சானா இவன்? பாருங்க மகள், அம்மைத் தழும்பு மாதிரி. சுரண்டினதும் அரைகுற, பூசினதும் அரைகுற. பேரு மட்டும் பெருசா."

பரீனா தலையை நிமிர்த்தினாள்.

அடுத்த கணம் படகின் பக்கத்தில் முழங்காலில் நின்றாள். பின்னேர வெயில் சாய்வாக விழுந்தது. நீலப் பூச்சின் கீழே வட்ட வட்டமாக, காசளவில், தட்டையான மேடுகள். ஒன்று, பத்து, கீழே போகப் போக நெருக்கமாக. விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"வஸீர், இங்க வா. இது என்ன?"

அவன் தயங்கினான். "அது... மேல் ஓடு உடைஞ்சு வந்திச்சு ராத்தா. அடித்தட்டு வரவேயில்ல. உளி வெச்சும் பாத்தேன். பிறகு, பெயின்ற் அடிச்சா மறைஞ்சிரும் எண்டு விட்டுட்டேன்."

"எவ்வளவு இடம் விட்ட?"

"கோவிக்காதீங்க. கீழ்ப்பக்கம் முழுக்க."

பரீனா சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். "அல்லாஹ் உனக்கு ரஹ்மத் செய்யட்டும்! உன்ட சோம்பலுக்கு நான் கட்டுரையில நன்றி எழுதுறேன்டா. வாப்பா, இனிமே இவன ஏசாதீங்க."

பசை இருப்பது அடித்தட்டுக்கும் படகுக்கும் நடுவில். ஓடு போனால் என்ன, அடித்தட்டு இருந்தால் பசை இருக்கிறது. ஆனால் பிரேமினிக்கு மனம் கேட்கவில்லை.

"பெயின்ற் கலந்திருக்குமே அக்கா?"

"கலந்தா கலக்கட்டும். பெயின்ற் பேசுற இடம் வேற, புரதம் பேசுற இடம் வேற. ரெண்டு உச்சியும் தள்ளித் தள்ளித்தான் நிக்கும். எது எதெண்டு எனக்குத் தெரியாதா?"

"வெயில்? இருபது வருச வெயிலில பசை கருகிப் போயிருக்காதே?"

அதற்கு வஸீர் பதில் சொன்னான். "வெயில் எங்க பட்டிச்சு? மேல அடுக்கடுக்கா முள்ளுக் கிளை கிடந்திச்சு. அதையெல்லாம் இழுத்துப் போடவே ஒரு நாள் போச்சு."

படகைத் திரும்பவும் கவிழ்த்தார்கள். பரீனா மெல்லிய உளியை எடுத்து, ஒவ்வொரு வட்டத்தையும் ஓரத்திலிருந்து நெம்பி எழுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் முகம் தோள்பக்கம் திரும்பியது. அடித்தட்டின் பின்னால், கண்ணாடிபோலச் சிறு பொருக்காக, இளமஞ்சளில் ஒட்டியிருந்தது பசை. அதைச் சிறு குப்பிகளில் போட்டு மூடினாள். நீலப் படகின் வயிறெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. "நாளைக்குக் கடல்ல இறக்கலாம் எண்டு இருந்தேன்" என்று வஸீர் முணுமுணுத்தான்.

"இறக்கலாம். அதுக்குமுன்ன இன்னொருக்காப் பூசு. இந்த முற ஒழுங்காச் சுரண்டிப்போட்டுப் பூசு" என்றார் வாப்பா.

கொழும்பில் கருவியின் பெட்டிக்குள் உலர்ந்த காற்றை விட்டு, ஈரம் முழுவதும் வெளியேறும் வரை காத்திருந்தார்கள். பரீனா முகத்தைத் திருப்பி மூச்சை விட்டாள். மூடியைத் தூக்கி, ஒரு பொருக்கை வைரத்தின்மேல் வைத்து, அழுத்தும் கையை இறக்கி, மூடினாள். திரையில் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து வந்தது. முதலில் பெயின்ற்றின் உச்சி, அவள் சொன்ன இடத்தில் சொன்னபடி. அதைத் தாண்டிக் கோடு சற்று இறங்கி, பிறகு ஏறியது. ஏறி, நின்றது.

பிரேமினி பழைய கோட்டை, பெட்டியில் உலர்த்திய பசையின் கோட்டை, அதன்மேல் வைத்துக் காட்டினாள். இரண்டு உச்சியும் ஒன்றின்மேல் ஒன்று. இரண்டு கோடு இருப்பதே தெரியவில்லை.

"இன்னொண்டு வை" என்றாள் பரீனா. வைத்தார்கள். குப்பிகள் முடியும்வரை வைத்தார்கள். உச்சி ஒரு இடத்திலும் அசையவில்லை. அவசரமாகக் காய்ந்தாலும் ஒன்றுதான், கடற்கரையில் ஆறுதலாகக் காய்ந்தாலும் ஒன்றுதான். மடிப்பைச் செய்தது பெட்டி இல்லை.

"நான் அப்பவே சொன்னனான், தெரியும் எண்டு எழுதுவம் எண்டு" என்றாள் பிரேமினி.

மறுமொழியில் பரீனா நாலு வரிதான் எழுதினாள், மிச்சத்தைக் கோடுகள் பேசட்டும் என்று விட்டுவிட்டாள். மதிப்பீட்டாளரின் பதில் அதைவிடச் சின்னது. தனக்கு இனிக் கேள்வியில்லை, இப்படி ஒரு ஆய்வு மாதிரி வேறு யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். கட்டுரை வந்தது. நன்றி சொல்லும் பகுதியில், படகு கரையேறிய திகதியைத் தந்ததற்குச் சாஹுல் ஹமீடுக்கும், முழுமையாகச் சுரண்டாமல் விட்டதற்கு வஸீருக்கும் நன்றி இருந்தது. சஞ்சிகைக்காரர்கள் இது பகிடியா என்று கேட்டார்களாம். உண்மை என்று பரீனா பதில் எழுதினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஏறுமுகம்தான். முத்துச் சிப்பி கடலடிப் பாறையைப் பிடித்துக்கொள்ளும் நூலை எடுத்தாள், உப்பிட்ட மீனில் தசைப் புரதம் எப்படி அவிழ்கிறது என்று பார்த்தாள், தனக்கென்று மாணவர்களைச் சேர்த்தாள். வருகிற ஒவ்வொரு மாணவருக்கும் முதல் பாடம் முகத்தைத் திருப்புவது. அவளுடைய ஆய்வுகூடத்தில் நாலைந்து பேர் ஒரே பக்கம் தலையைத் திருப்பி ஊதுவதைப் பார்த்துவிட்டு, நிர்வாகக் கந்தோரிலிருந்து வந்த ஒருவர் இது ஏதும் பிரார்த்தனையோ என்று கேட்டிருக்கிறார்.

கட்டுரை வந்த வருடமே, மாரி கழிந்து படகைக் கடலில் இறக்கிய நாளில் பரீனாவும் ஊருக்கு வந்திருந்தாள். வாப்பாவின் பழைய தொழில் கூட்டாளி மரியதாஸ், பக்கத்து ஊரான அரிப்பிலிருந்து கை நிறைய மீனோடு வந்தார். படகைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இதில இருந்தா பிள்ளை, வெளிநாட்டுப் புத்தகத்தில எல்லாம் போட்டிருக்கினம் எண்டு சொல்லுறாங்கள்?"

"ஓம் அங்கிள். இதுல ஒட்டியிருந்ததுல இருந்துதான்."

"அப்ப எனக்கும் அதில ஒரு பங்கு வேணும். இழுத்துப் போட்டது நானெல்லோ."

பரீனாவின் தேத்தண்ணிக் கிளாஸ் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "எப்ப?"

"உங்கட ஆக்கள் எல்லாரும் போனாப் பிறகு. வாடைக் காத்துக்குப் படகு வாய்க்காலுக்க வேரோட அடிபட்டுக்கொண்டு கிடந்தது. பாக்கப் பொறுக்கேல்லை. டிசம்பரில, நத்தாருக்கு முந்தின கிழமை நானும் என்ர தம்பியும் வந்து, கயித்தை அறுத்து, இழுத்துக் கவுட்டுப் போட்டனாங்கள். எஞ்சினை மட்டும் காப்பாத்தேலாமல் போச்சு. ஏன் ஹமீட் நானா, பிள்ளைக்குச் சொல்லேல்லையோ?"

எல்லாரும் வாப்பாவைப் பார்த்தார்கள். அவர் சாரத்தை அவிழ்த்துத் திரும்ப இறுக்கிக் கட்டினார். படகைப் பார்த்தபடியே சொன்னார்.

"நேரம் தந்திருந்தா நான்தான் இழுத்திருப்பேன்."

"ஓம் நானா. அதை ஆர் இல்லையெண்டது?" என்றார் மரியதாஸ். மீனைத் தூக்கி வஸீரின் கையில் கொடுத்தார். "பிடி தம்பி, பழுதாப் போயிடும்."

பரீனா வாப்பாவிடம் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கொழும்புக்குத் திரும்பியதும் சஞ்சிகைக்கு ஒரு திருத்தம் எழுத உட்கார்ந்தாள்.

"ரெண்டு மாசம் அக்கா" என்றாள் பிரேமினி. "இருபது வருசத்தில ரெண்டு மாசம். கோட்டில ஒரு மயிரிழையும் மாறாது."

"கோடு மாறாது. நான் போட்ட திகதி பிழை. பிழையெண்டா திருத்துறதுதானே."

திருத்தம் அடுத்த இதழில் வந்தது, இரண்டே வாக்கியம். ஒன்று, படகு கரையேறியது ஒக்டோபரில் அல்ல, டிசம்பரில். மற்றது, இழுத்துப் போட்ட மரியதாஸுக்கும் அவர் தம்பிக்கும் நன்றி. வாப்பாவின் பெயரை அவள் எடுக்கவில்லை.

அந்தக் கட்டுரையில் இன்னொரு வரியும் உண்டு. மாதிரிகள் கிடந்த இடத்தைப் பற்றியது: செடிகொடிகள் தாமாக வளர்ந்து மூடிய நிழலில் இருந்தன என்று எழுதியிருக்கும். திருத்தமும் அச்சாகிக் கன காலத்துக்குப் பிறகு, வேறேதோ பேச்சின் நடுவே, மரியதாஸின் மனைவி மரியம்மாவின் வாயிலிருந்துதான் அதுவும் பிழை என்று தெரியவந்தது. வெயிலுக்குப் பைபர் வெடித்துவிடும் என்று, தாங்களும் இடம்பெயர்ந்து போகிற வரைக்கும், ஒவ்வொரு மாரி முடியவும் மரியதாஸ் கத்தியோடு அந்த வாய்க்காலுக்குப் போய்ப் புது முள்ளுக் கிளை வெட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.